எழுத்தெண்ணிப் படித்தவர்: மார்கரெட் டேஹாஃபும் புரத வரிசைகளும்

பழைய நூல் ஒன்றுக்கு ஒரே ஓர் ஏட்டுப் பிரதி மட்டும் கிடைத்திருந்தால், அதில் எது மூலபாடம், எது படியெடுத்தவரின் பிழை என்று கூற வழியில்லை. பல பிரதிகள் கிடைத்து, அவற்றை வரிக்கு வரி அருகருகே வைத்து ஒப்பிடும்போதுதான் பாடபேதங்கள் பேசத் தொடங்குகின்றன. இரண்டு பிரதிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், அவை இரண்டும் ஒரு தாய்ப் பிரதியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். எல்லாப் பிரதிகளிலும் ஒரு சொல் மாறாமல் இருந்தால், அதை மாற்ற முடியாதபடி யாப்போ பொருளோ கட்டிப் போட்டிருக்கிறது என்று கொள்ளலாம். பதிப்பாசிரியரின் அறிவு முழுவதும் இந்த ஒப்பீட்டில்தான் அடங்கியிருக்கிறது.

உயிர்களின் உடலிலும் இத்தகைய பிரதிகள் இருக்கின்றன, அவற்றையும் இப்படியே படிக்கலாம் என்று கண்டு, அதற்காகவே தம் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் அமெரிக்க அறிவியலாளர் மார்கரெட் ஓக்லி டேஹாஃப். இன்று உயிரித் தகவலியல் என்று வழங்கும் துறையின் தொடக்கத்தை எழுதுவோர் அவர் பெயரைத் தவிர்க்க முடியாது. ஆயினும் அவர் வாழ்ந்த காலத்தில் அவர் செய்தது ஆய்வா, வெறும் தொகுப்பு வேலையா என்ற ஐயம் பலருக்கு இருந்தது. அந்த ஐயத்தின் விலையையும் அவர் கொடுக்க நேர்ந்தது. அவருடைய வாழ்வை இந்தக் கோணத்திலிருந்து சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் அவர் படித்த 'நூல்' எத்தகையது என்று தெரிந்துகொள்வது நல்லது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட ஒரு சங்கிலி. பொதுவாக இருபது வகை அமினோ அமிலங்கள் இதில் வருகின்றன. எந்த வரிசையில் அவை வரவேண்டும் என்ற கட்டளை, டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் எழுதப்பட்டிருக்கிறது. தலைமுறை தோறும் டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது சில பிழைகள் நேர்கின்றன. அவற்றுள் உயிரைக் குலைக்காத பிழைகள் தங்கிவிடுகின்றன. எனவே மனிதனின் புரதமும் குதிரையின் புரதமும் ஒரே பழைய மூலத்தின் இரண்டு பாடங்கள். ஒரு புரதத்தின் முழு எழுத்து வரிசையை முதன்முதலில் கண்டறிந்தவர் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் சாங்கர். 51 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட இன்சுலினைப் படித்து முடிக்க அவருக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. அதற்காக 1958இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அன்று ஒரு புரதத்தின் வரிசை என்பது ஓர் ஆய்வகத்தின் பல ஆண்டு உழைப்பு.

டேஹாஃப் உயிரியலாளராகத் தொடங்கியவர் அல்லர். 1925ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் பிலடெல்பியாவில் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பம் நியூயார்க்குக்குப் பெயர்ந்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து 1945இல் பட்டம் பெற்றார். பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிம்பலிடம் குவாண்டம் வேதியியலில் ஆய்வு செய்து 1948இல் முனைவரானார். அந்த ஆய்வுக்கு அவர் பயன்படுத்திய கருவி கவனத்திற்குரியது. வணிக நிறுவனங்கள் கணக்கு வழக்குகளுக்காக வைத்திருந்த துளையட்டை எந்திரங்களைக் கொண்டு, பல வளையங்கள் கொண்ட கரிம மூலக்கூறுகளின் ஆற்றலைக் கணக்கிட்டார். வரவு செலவு பார்க்கும் எந்திரத்தை வேதியியல் பார்க்கவும் பழக்கலாம் என்ற எண்ணம் அந்த இளம் வயதிலேயே அவருக்கு வாய்த்திருக்கிறது. அதே ஆண்டில் இயற்பியலாளர் எட்வர்ட் டேஹாஃபை மணந்தார். சில ஆண்டுகள் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் பணி, பின்னர் வாஷிங்டன் பகுதிக்குக் குடிபெயர்வு, இரண்டு பெண் குழந்தைகளின் வளர்ப்பு, இடையே மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஆய்வு நல்கை என்று 1950கள் கழிந்தன.

1960ஆம் ஆண்டையொட்டி அவர் சேர்ந்த இடம் தேசிய உயிர்மருத்துவ ஆய்வு அறக்கட்டளை. மருத்துவத்திலும் உயிரியலிலும் கணினியைப் புகுத்த வேண்டும் என்ற ஒரே நோக்கத்துடன் ராபர்ட் லெட்லி நிறுவிய சிறிய அமைப்பு அது. அங்கே டேஹாஃப் துணை இயக்குநரானார். இருவரும் சேர்ந்து 1962இல் காம்புரோட்டீன் என்ற நிரலை வெளியிட்டனர். புரத வரிசையைக் கண்டறிய உதவும் முதல் கணினி நிரல்களில் அது ஒன்று.

அந்த நிரல் தீர்த்த சிக்கல் எளிதில் விளங்கக் கூடியதே. நீண்ட புரதத்தை முனையிலிருந்து முனைவரை ஒரே மூச்சில் படிக்க அன்று இயலாது. எனவே அதை நொதிகளால் துண்டாக்கி, துண்டுகளைத் தனித்தனியே படிப்பார்கள். துண்டுகளின் வரிசை எது என்பது தெரியாது. வேறொரு நொதியால் வேறு இடங்களில் வெட்டினால் வேறு துண்டுகள் கிடைக்கும். 'நாளைமாலைமழைவரும்' என்று ஒரு தொடர் இருப்பதாகக் கொள்வோம். முதல் வெட்டில் 'லைமழை', 'வரும்', 'நாளைமா' என்ற துண்டுகள் கிடைக்கின்றன. இரண்டாம் வெட்டில் 'ழைவரும்', 'நாளை', 'மாலைம' என்பவை கிடைக்கின்றன. 'மாலைம' என்ற துண்டு, 'நாளைமா'வுக்குப் பின் 'லைமழை' வரவேண்டும் என்று காட்டிவிடுகிறது. 'ழைவரும்' எஞ்சியதை முடித்து வைக்கிறது. மூன்று துண்டுகளுக்கு இது விளையாட்டு. நூற்றுக்கு மேற்பட்ட எழுத்துகளும், பல டஜன் துண்டுகளும், இடையிடையே ஆய்வுப் பிழைகளும் சேர்ந்தால் மனித மூளை திணறிவிடும். ஐ.பி.எம். 7090 கணினி இதைச் சில நிமிடங்களில் செய்யும் என்று டேஹாஃபும் லெட்லியும் காட்டினர். பின்னாளில் மனித மரபணுத் தொகுதியின் கோடிக்கணக்கான துண்டுகளைக் கோத்தபோதும் அடிப்படையில் இதே வகையான பொருத்திப் பார்க்கும் வேலைதான் நடந்தது.

துண்டுகளை இணைப்பதோடு நின்றிருந்தால் டேஹாஃப் நல்ல நிரலாளர் என்ற அளவில் நினைக்கப்பட்டிருப்பார். அவர் அடுத்து எடுத்துக்கொண்ட வேலைதான் அவர் பெயரை நிலைநிறுத்தியது. உலகில் எங்கெங்கோ உள்ள ஆய்வகங்களில் கண்டறியப்பட்டு, பல இதழ்களில் சிதறிக் கிடந்த புரத வரிசைகளை எல்லாம் ஓரிடத்தில் திரட்டுவது என்று அவர் முடிவு செய்தார். ரிச்சர்ட் எக் முதலியோருடன் சேர்ந்து 1965இல் 'புரத வரிசை, அமைப்பு அட்லஸ்' என்ற நூலின் முதல் பதிப்பைக் கொண்டுவந்தார். அதில் 65 புரதங்களின் வரிசைகள் இருந்தன. அன்று உலகம் அறிந்திருந்தவை ஏறத்தாழ அவ்வளவுதான். பின்னர் 1978 வரை புதிய பதிப்புகளும் துணைத் தொகுதிகளும் வந்தவண்ணம் இருந்தன.

தொகுப்பு என்ற சொல் இந்த உழைப்பின் கடுமையை மறைத்துவிடுகிறது. ஒவ்வொரு வரிசையையும் மூலக் கட்டுரையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். துளையட்டையில் ஏற்றும்போது நேரும் பிழைகளைக் களைய வேண்டும். உறவுள்ள புரதங்களோடு ஒப்பிட்டு, கட்டுரையே தவறியிருக்கக் கூடிய இடங்களை ஐயுற வேண்டும். ஒரு புரதத்தின் பெயர் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடும்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செம்பதிப்புக் கொண்டுவரும் பதிப்பாசிரியர் செய்வதெல்லாம் இதிலும் உண்டு.

இந்த உழைப்பினூடே பிறந்த சிறு கருவி ஒன்று இன்று உலகெங்கும் புழங்குகிறது. அதுவரை அமினோ அமிலங்களை மூன்றெழுத்துச் சுருக்கங்களால் குறித்தனர். அட்டையிலும் கணினி நினைவகத்திலும் அது இடத்தை அடைத்தது. வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டுப் பார்க்கவும் இடையூறாக இருந்தது. எனவே ஓர் அமினோ அமிலத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து என்ற முறையை வகுப்பதில் டேஹாஃப் முதன்மையான பங்கு வகித்தார். முதலெழுத்து தனித்து நின்றவற்றுக்கு அதையே வைத்தனர். முதலெழுத்து மோதியவற்றுக்கு நினைவில் நிற்கும் உத்திகள் தேடினர். ஃபீனைல்அலனினுக்கு ஒலியை நோக்கி 'எஃப்'. இரட்டை வளையம் கொண்ட பெரிய மூலக்கூறான டிரிப்டோஃபேனுக்கு இரட்டை உருவம் கொண்ட 'டபிள்யூ'. 1968இல் சர்வதேசப் பெயரீட்டுக் குழு ஒற்றையெழுத்துக் குறியீட்டைப் பரிந்துரைத்தது. புரதங்களுக்கு ஓர் நெடுங்கணக்கு கிடைத்தது.

இனி, மறைந்திருக்கும் ஒழுங்கை அவர் எவ்வாறு கண்டார் என்பதற்கு ஓர் உதாரணம். ஃபெரிடாக்ஸின் என்பது ஆக்சிஜன் இல்லாத சூழலில் வாழும் கிளாஸ்டிரிடியம் என்ற நுண்ணுயிரிலும் காணப்படும் இரும்புப் புரதம். அதில் 55 அமினோ அமிலங்களே உள்ளன. மேலோட்டமாகப் படித்தால் வரிசையில் எந்த ஒழுங்கும் தென்படாது. ஆனால் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் வரும் இடங்களை மட்டும் எண்ணிப் பார்ப்போம். 8, 11, 14, 18 ஆகிய இடங்களில் ஒரு நான்கு. பின்னர் 37, 40, 43, 47 ஆகிய இடங்களில் இன்னொரு நான்கு. முதல் நான்கின் இடைவெளிகள் 3, 3, 4. இரண்டாம் நான்கின் இடைவெளிகளும் 3, 3, 4. புரதத்தின் பின்பாதி முன்பாதியின் எதிரொலி! ஒரு காலத்தில் பாதி நீளமே இருந்த புரதத்தின் மரபணு இரட்டித்து, இரண்டு பாதிகளும் ஒட்டிக்கொண்டு, பின்னர் தனித்தனியே மாறியிருக்கின்றன என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

எக்கும் டேஹாஃபும் 1966இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை இதற்கும் பின்னால் சென்றது. ஒவ்வொரு பாதிக்குள்ளும் மங்கிய ஒரு திரும்பல் தெரிகிறது என்றும், மிகத் தொடக்கத்தில் அலனின், ஆஸ்பார்டிக் அமிலம், செரின், கிளைசின் என்ற நான்கு எளிய அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வந்த ஒரு சிறு சங்கிலியே இப்புரதத்தின் மூதாதை என்றும் அவர்கள் ஊகித்தனர். டிரிப்டோஃபேன், ஹிஸ்டிடின் முதலிய ஐந்து அமினோ அமிலங்கள் இப்புரதத்தில் அறவே இல்லை என்பது அதன் தொன்மைக்கு ஒரு சான்றாகத் தோன்றியது. நான்கெழுத்து மூலம் ஊகமாகவே நிற்கிறது. ஆனால் உயிரோடிருக்கும் ஒரு நுண்ணுயிரின் புரதத்துக்குள் உயிரின் விடியற்காலத்துச் சுவடு படிந்திருக்கலாம் என்றும், கவனமாக எண்ணிப் படித்தால் அதை அணுகலாம் என்றும் காட்டியது சிறிய செயல் அன்று. கார்ல் சேகன் உள்ளிட்டோருடன் சேர்ந்து, கோள்களின் ஆதி வளிமண்டலங்களில் எந்த வாயுக்கள் எந்த அளவில் நிலைத்திருக்கும் என்று கணினியில் கணக்கிட்டதும் இதே தேடலின் இன்னொரு கிளையே.

அட்லஸின் பக்கங்களில் சைட்டோகுரோம்-சி என்ற புரதம் இன்னொரு கதையைச் சொன்னது. மூச்சு விடும் உயிர்களில் பரவலாக உள்ள இப்புரதத்தில் மனிதனுக்கும் ரீசஸ் குரங்குக்கும் ஓர் எழுத்தே வேறுபாடு. மனிதனுக்கும் குதிரைக்கும் பன்னிரண்டு. இவ்வேறுபாடுகளைக் கொண்டு உயிர்களின் கிளைவழி மரத்தைக் கணினி வரைய முடியும் என்று எக்கும் டேஹாஃபும் 1966இலேயே காட்டினர். எலும்பையும் பல்லையும் கொண்டு உறவு கணித்த உயிரியலுக்கு, எழுத்துப் பிழைகளைக் கொண்டு உறவு கணிக்கும் வழி திறந்தது. புரதங்களை உறவு முறைப்படி குடும்பங்களாகவும் பெருங்குடும்பங்களாகவும் வகைப்படுத்தும் முறையும் இந்த வழியில் வந்ததே.

ஆனால் வேறுபாடுகளை எண்ணுவது மட்டும் போதாது என்பதை டேஹாஃப் உணர்ந்திருந்தார். எல்லாப் பாடபேதங்களும் சமம் அல்ல. படியெடுப்பவர் றகரத்தை ரகரமாக எழுதுவது இயல்பு. ஒரு சொல்லையே வேறாக்குவது அரிது. புரதங்களிலும் அப்படித்தான். ஒரு அமினோ அமிலம் அளவிலும் குணத்திலும் தன்னை ஒத்த இன்னொன்றாக மாறினால் புரதம் பிழைத்துக்கொள்ளும். முற்றிலும் வேறானதாக மாறினால் செயலிழந்துபோகும். எது எதுவாக எத்தனை முறை மாறியிருக்கிறது என்று இயற்கையையே கேட்டுவிடுவது என்று அவர் துணிந்தார். நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் ஒத்திருக்கும் நெருங்கிய புரதங்களை 71 குழுக்களாகப் பிரித்து, அவற்றில் நிகழ்ந்த 1572 மாற்றங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். ஷ்வார்ட்ஸ், ஆர்கட் ஆகியோருடன் 1978இல் வெளியிட்ட இந்த அட்டவணை பாம் என்று அழைக்கப்படுகிறது. இயற்கைத் தேர்வு ஏற்றுக்கொண்ட மாற்றங்களின் அட்டவணை என்பது அதன் பொருள்.

அந்த எண்களில் தனிச் சுவை உண்டு. அலனின் மாறும் இயல்பை 100 என்று வைத்துக்கொண்டால் ஆஸ்பரஜினுக்கு 134. டிரிப்டோஃபேனுக்கு 18 மட்டுமே. தன் இடத்தை எளிதில் விட்டுத்தராத எழுத்து அது. எனவே தொலைவான இரண்டு புரதங்களில் ஒரே இடத்தில் டிரிப்டோஃபேன் வந்தால் அது உறவுக்கு வலுவான சான்று. அலனின் வந்தால் பெரிதாகப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நூறு எழுத்துக்கு ஒரு மாற்றம் என்பதை ஓர் அலகாகக் கொண்டு, அட்டவணையை அதனாலேயே மீண்டும் மீண்டும் பெருக்கினால் நெடுந்தொலைவு உறவுகளையும் கணக்கிடலாம். 250 அலகு தொலைவில், நூறு எழுத்துக்கு 250 மாற்றங்கள் நிகழ்ந்த பின்னும், ஐந்தில் ஒரு பங்கு எழுத்துகள் ஒத்திருக்கும் என்று அந்தக் கணக்கு கூறுகிறது. சில இடங்கள் பலமுறை மாறுகின்றன. சில மாறி மீண்டும் பழைய எழுத்துக்கே திரும்புகின்றன. சில மாறுவதே இல்லை. தற்செயலான ஒற்றுமைக்கும் மரபு வழி வந்த ஒற்றுமைக்கும் இடையே கோடு கிழிக்க ஓர் அளவுகோல் இதனால் கிடைத்தது.

இத்தனை இருந்தும் டேஹாஃபின் நிலை உறுதியாக இல்லை. சோதனைக் குழாயோடு உழைப்பவரே உயிரியலாளர் என்று கருதிய காலம் அது. பிறர் கண்டறிந்தவற்றைத் திரட்டுபவரை அவர்கள் தமக்கு இணையாகக் காணவில்லை. பல ஆண்டுகள் பாடுபட்டுக் கண்ட வரிசையைத் தாம் வெளியிடும் முன்னர் இன்னொருவர் தொகுப்புக்குத் தருவதில் தயக்கமும் இருந்தது. அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. மறுபுறம், தொகுப்பை ஆண்டாண்டு காலம் நடத்தப் பணம் வேண்டும். புதிய கண்டுபிடிப்புக்கு நல்கை தருவோர் பழையதைப் பேணுவதற்குத் தயங்குவது எங்கும் உள்ள வழக்கம். எனவே அறக்கட்டளை அட்லஸை விலைக்கு விற்றது. காந்த நாடாக்களில் தரவைப் பெற்றோர் அதைப் பிறருக்கு மறுபடி வழங்கக் கூடாது என்று நிபந்தனையும் விதித்தது. பொதுச்சொத்தாக நின்ற அறிவை ஒருவர் வேலியிட்டுக் கொள்கிறார் என்ற மனக்குறை இதனால் வளர்ந்தது.

1977இல் டி.என்.ஏ.வை விரைவாகப் படிக்கும் முறைகள் வந்தன. சாங்கரின் குழு அவ்வாண்டு ஒரு வைரஸின் ஏறத்தாழ 5,400 எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. முழுவதையும் வெளியிட்டது. வெள்ளம் வரப்போகிறது என்பது தெளிவாயிற்று. டேஹாஃப் பின்தங்கவில்லை. 1980இல் அவருடைய குழு டி.என்.ஏ. வரிசைத் தரவுத்தளத்தைத் தொலைபேசி இணைப்பு வழியே தொலைவிலிருக்கும் கணினிகளும் அணுகுமாறு திறந்தது. அமெரிக்க அரசு தேசிய அளவில் ஒரு தரவு வங்கி அமைக்க முன்வந்தபோது, இருபதாண்டு அனுபவம் கொண்ட அவரே இயல்பான தேர்வு என்று எவரும் நினைத்திருக்கலாம். ஆனால் 1982இல் ஜென்பேங்க் என்ற அந்த வங்கியின் ஒப்பந்தம், லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தோடு இணைந்து விண்ணப்பித்த நிறுவனத்துக்குப் போயிற்று. தரவை யாரும் தடையின்றிப் பெறலாம், பகிரலாம் என்பது அவர்கள் தந்த உறுதி.

இந்த முடிவில் குற்றவாளி எவரையும் நாம் தேடவில்லை. தரவு எல்லோருக்கும் பொது என்ற கொள்கை வென்றதால் உயிரியல் பெரும் பயன் அடைந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பொதுக் கிணற்றை முதலில் தோண்டியவர், தோண்டும் கூலிக்காகக் கட்டணம் வாங்கியதாலேயே விலக்கப்பட்டார் என்பதையும் மறந்துவிடலாகாது. பொது நன்மைக்கான வேலைக்குப் பொதுப்பணம் உரிய நேரத்தில் கிடைத்திருந்தால் அந்த வேலிக்கே தேவை இருந்திராது.

தொகுப்பு ஆய்வாகுமா என்ற கேள்விக்கு அதே 1982இல் ஒரு விடை கிடைத்தது. கோழிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் ரவுஸ் சர்கோமா வைரஸின் புரதம் ஒன்றையும், மாட்டின் இதயத்தசையிலிருந்து எடுத்துப் படிக்கப்பட்டிருந்த இயல்பான நொதி ஒன்றையும் வினோனா பார்க்கரும் டேஹாஃபும் ஒப்பிட்டு, இரண்டும் உறவுள்ளவை என்று அறிவித்தனர். புற்றுநோய்ப் புரதம் எங்கிருந்தோ வந்த அந்நியன் அல்ல. உயிரணுக்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு நொதிக் குடும்பத்தின் உறுப்பினர் என்பது இதனால் விளங்கியது. இதைக் காண அவர்களுக்குப் புதிய சோதனை எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு ஏடுகளும் ஒரே அலமாரியில் இருந்ததே போதுமானதாயிற்று.

1983ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் மாரடைப்பால் டேஹாஃப் காலமானார். வயது 57. அதற்குச் சில மாதங்கள் கழித்து ரஸல் டூலிட்டில், இன்னொரு புற்றுநோய் மரபணுவின் புரதம் உயிரணு வளர்ச்சியைத் தூண்டும் இயல்பான புரதத்தோடு ஒத்திருப்பதைக் கணினி ஒப்பீட்டில் கண்டு அறிவித்தபோது அறிவியல் உலகம் பரபரப்படைந்தது. டூலிட்டில் தம் தரவுத் தொகுப்புக்கு இட்டிருந்த பெயர் நியூவாட்; புதிய அட்லஸ் என்பதன் சுருக்கம். 1984இல் அறக்கட்டளை, டேஹாஃப் விட்டுச்சென்ற தொகுப்பைப் புரதத் தகவல் வளம் என்ற பொது அமைப்பாக்கியது. அவர் 1980-81இல் தலைவராக இருந்த உயிரியற்பியல் கழகம், இளம் பெண் ஆய்வாளர்களுக்கு அவர் பெயரில் ஒரு விருதை நிறுவியது.

புரதத் தகவல் வளம் 2002இல் ஐரோப்பியத் தொகுப்புகளோடு இணைந்து யூனிபிராட் ஆயிற்று. 65 வரிசைகளோடு தொடங்கியது இன்று கோடிக்கணக்கில் நிற்கிறது. பாம் அட்டவணையின் இடத்தை 1992இல் வந்த பிளாசம் என்ற அட்டவணை பெரும்பாலும் பிடித்துக்கொண்டது; ஆனால் மாற்றங்களை எண்ணி மதிப்பெண் இடும் கொள்கை டேஹாஃபுடையதே. 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் ஒரு பாதி, புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரலை உருவாக்கியோருக்குச் சென்றது. அந்த நிரல் ஒரு வரிசையை எடுத்துக்கொண்டதும் முதலில் செய்வது, உறவுள்ள வரிசைகளைத் தேடி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, எவை சேர்ந்து மாறியிருக்கின்றன என்று பார்ப்பதே.

நம் தொகை நூல்களில் தொகுத்தவர், தொகுப்பித்தவர் பெயர்களைத் தனியே குறித்து வைக்கும் வழக்கம் உண்டு. பாடியவர்களுக்கு உரிய புகழில் ஒரு பங்கு சேர்த்தவர்களுக்கும் உரியது என்று முன்னோர் அறிந்திருந்தனர். அறிவியல் இன்னும் அந்த வழக்கத்தை முழுமையாகக் கைக்கொள்ளவில்லை. உலகின் ஏதோ ஓர் ஆய்வகத்தில் ஒருவர் புதிதாய்க் கண்ட வரிசையைக் கணினியில் இட்டு, இதற்கு உறவுள்ளது எது என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் விடை வருவது தொகுத்தவர்களின் உழைப்பிலிருந்துதான். அந்தத் தொகுத்தோர் வரிசையில் முதலில் எழுதப்பட வேண்டிய பெயர் மார்கரெட் டேஹாஃப் என்றே நாம் கருதுகிறோம்.